கிளாக்கோமாவுக்கு உறைநிலைச் சிகிச்சை

கண்ணினுள் நீர் சுரக்கும் சிலியரி அங்கத்தை, வெண்விழியின் மேலிருந்தே கடுங்குளிரால் உறையவைத்துச் சுரப்பைக் குறைத்து, கிளாக்கோமா நோயில் மிகும் கண்ணழுத்தத்தைத் தணிக்கும் இம்முறையை இத்தாலிய வைத்தியர் பியெட்டி 1950-இல் வெளியிட்டார். அழுத்தம் பலருக்குத் தணிந்தாலும், நாளடைவில் மீண்டும் ஏறி மறுமுறை உறையவைக்க நேர்வதும், மிகையாய்த் தணிந்து விழி சுருங்குவதும், எஞ்சிய பார்வை நசிப்பதும் உண்டு. சர்க்கரை நோயால் புதிய ரத்தநாளங்கள் முளைத்த கண்களில் இவ்வபாயம் அதிகம். ஆதலின், பார்வையிழந்து தீராத வேதனை தரும் கண்ணுக்கே இது உசிதமென்பதும், வலி நிவாரணமே இதன் பிரதான பயன் என்பதும் நிர்ணயமாயின. பின்னர் லேசர் முறை இதன் ஸ்தானத்தைப் பெரும்பாலும் பெற்றது. எனினும் கண் இந்நிலையை எட்டுமுன்பே நோயை அறிவதே நன்று. தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையார் நடத்திய ஆய்வில், நாற்பது வயதைக் கடந்தோரில் 2.6 சதவீதத்தார்க்குக் கிளாக்கோமா இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியாதிருந்தனர். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி போன்ற ஊர்களில் வாழ்வோரும், வலி தோன்றுமுன்பே, நாற்பது வயதிலேயே கண்ணழுத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.