பழையது, புதியது என்னும் பிரிப்பின் போதாமை: பெருவிட்ட சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களின் மூன்று காலவரிசைகள்

பெரிய விட்டமுள்ள தோட்டாவைச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களைப் பற்றி அமெரிக்காவில் எழுதப்பட்டிருப்பவற்றில் ஒரு தீர்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது. பழைய வடிவம் கைக்கு இதமானது, புதிய வடிவம் பாதுகாப்பானது, ஒன்றை இழக்காமல் மற்றதைப் பெற வழியில்லை என்பதே அது. 1973-ஆம் ஆண்டை எல்லைக்கல்லாக வைத்து, அதற்கு முந்திய ரூகர் நிறுவனத்தின் பிளாக்ஹாக் ரிவால்வரை ஒருபுறமும் பிந்தியதை மறுபுறமும் நிறுத்தி எடைபோடுவது வழக்கமாகிவிட்டது. இந்த ஒப்பீட்டு முறையே பிழையானது என்பது இக்கட்டுரையின் வாதம். பாதுகாப்பு, உலோக வலிமை, கையாளும் இதம் ஆகிய மூன்றும் இந்தக் கருவியில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களால் மாறியவை. அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே ஆண்டின் தலையில் ஏற்றியதால், பாதுகாப்பின்மேல் சுமத்தக் கூடாத பழிகள் அதன்மேல் விழுந்திருக்கின்றன.

இவ்வகை ரிவால்வரில் ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்து நிறுத்த வேண்டும். அவ்வாறு இழுக்கையில் தோட்டா உருளை ஓர் அறை தூரம் சுழலும். விசைக்கு இருப்பது ஒரே வேலை: நிறுத்திய சுத்தியலை விடுவிப்பது. 1873-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி இந்த வகைக்கு இலக்கணம் வகுத்தது. வில்லியம் மேசனும் சார்லஸ் ரிச்சர்ட்ஸும் வடிவமைத்த அந்த .45 ரிவால்வரின் சுத்தியலை முழுதாக இழுக்கும்போது நான்கு ஒலிகள் கேட்கும். முதலாவது பாதுகாப்பு வெட்டு. அடுத்தது, உருளை தடையின்றிச் சுழன்று தோட்டா போட இடம்கொடுக்கும் அரைநிலை. மூன்றாவது, உருளையைப் பூட்டும் தாழ் விழும் ஓசை. கடைசியாகச் சுடுநிலை.

இந்த நான்கில் முதலாவதுதான் நம் விசாரணைக்குரியது. கோல்ட்டின் சுத்தியல் முகத்திலேயே தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசி இருக்கிறது. சுத்தியல் முழுதாகக் கீழே இருந்தால், அதற்கு நேரான அறையில் உள்ள தோட்டாவின் பிரைமர் என்னும் தீமூட்டியின்மேல் ஊசி நேரடியாக ஊன்றியிருக்கும். சுத்தியலை ஒரு சிறு தூரம் பின்னிழுத்துத் தாங்குவதற்காகவே பாதுகாப்பு வெட்டு வந்தது. ஆனால் அந்த வெட்டில் நுழையும் விசையின் நுனி மெல்லியது. துப்பாக்கி கைநழுவிச் சுத்தியல் தரையில் படும்படி விழுந்தால், வெட்டோ நுனியோ முறிந்துபோகலாம், தோட்டா வெடிக்கலாம். இதை அறிந்தவர்கள் ஐந்து அறைகளில் மட்டும் தோட்டா போட்டு, காலியான ஆறாவது அறையின்மேல் சுத்தியலை இறக்கி வைத்தார்கள். அறியாதவர்களும் அசட்டையாக இருந்தவர்களும் ஆறையும் நிரப்பினார்கள். 1876 ஜனவரியில் கான்சஸ் மாநிலத்து விச்சிடா நகரில் காவலராக இருந்த வயட் எர்ப் ஒரு மதுக்கடையில் அமர்ந்திருந்தபோது அவருடைய ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவரது கோட்டைத் துளைத்துச் சென்றதை உள்ளூர்ச் செய்தித்தாள் பதிவுசெய்தது. துப்பாக்கியோடு வாழ்ந்து பேரெடுத்தவருக்கே அது நேர்ந்தது.

ஆகவே 'சிக்ஸ் ஷூட்டர்' என்று நாவல்களும் திரைப்படங்களும் கொண்டாடிய அந்த ஆயுதம், முறையறிந்து இடுப்பில் செருகியவரிடத்தில் ஐந்து குண்டுகளையே தாங்கியது. ஆறாவது அறை, கருவியின் குறையை மனிதர் தம் ஒழுக்கத்தால் ஈடுசெய்த இடம். பழைய வடிவத்தின் இதத்தைப் புகழ்கிறவர்கள் இந்த ஈட்டையும் கணக்கில் எழுத வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்கும் அறிவு அக்காலத்தில் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஐவர் ஜான்சன் நிறுவனம் 1890-களிலேயே தன் மலிவான பாக்கெட் ரிவால்வர்களில் டிரான்ஸ்பர் பார் என்னும் இடைத்தகட்டைப் பொருத்தி விற்றது. அதன் சுத்தியல், சட்டகத்தில் தனியே அமைந்த ஊசியைத் தொடாது. விசையை முழுதாக இழுக்கும்போது மட்டும் ஒரு தகடு மேலெழுந்து இடைவெளியை நிரப்பி, சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். விசையில் விரல் படாதவரை சுத்தியலை எதனால் அடித்தாலும் ஊசி அசையாது. 'சுத்தியலைச் சுத்தியலால் அடியுங்கள்' என்ற பொருள்பட அந்நிறுவனம் விளம்பரமே செய்தது. அக்காலக் காப்புரிமைகள் முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் காலாவதியாகிவிட்டன. யாரும் எடுத்துக்கொள்ளக் கூடிய தீர்வு பொதுவெளியில் கிடந்தது. பெருவிட்ட சிங்கிள் ஆக்‌ஷன் துப்பாக்கிகள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்த அரை நூற்றாண்டு மௌனத்துக்குத் தொழில்நுட்பம் காரணமாக முடியாது. 1873-இன் வடிவத்தைத் தொடக் கூடாத மரபாக்கிய மனநிலையே காரணம் என்பது என் கணிப்பு.

துப்பாக்கி உற்பத்தியாளர் வில்லியம் ரூகரின் வரவு இந்த மரபில் முதல் உடைப்பு என்று சொல்லப்படுகிறது. பாதி உண்மை அது. கோல்ட் நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தன் சிங்கிள் ஆக்‌ஷன் உற்பத்தியை நிறுத்தியிருந்தது. தொலைக்காட்சியில் கௌபாய் கதைகள் பெருகியபோது வாங்க ஆள் இருந்தும் சரக்கு இல்லை. ரூகர் 1953-இல் .22 சிங்கிள் சிக்ஸையும், 1955-இல் .357 மேக்னம் பிளாக்ஹாக்கையும், 1956-இல் .44 மேக்னம் பிளாக்ஹாக்கையும், 1959-இல் சூப்பர் பிளாக்ஹாக்கையும் கொண்டுவந்தார். அடிக்கடி முறியும் தகட்டு வில்களை நீக்கிச் சுருள்வில்களைப் போட்டார். சட்டகத்தை மெழுகு வார்ப்பு முறையில் செய்தார். சுவாமிமலைச் சிற்பிகள் பஞ்சலோகத்துக்குப் பயன்படுத்தும் அதே தத்துவம், இங்கே குரோம் மாலிப்டினம் எஃகுக்கு. ஊசியைச் சுத்தியலிலிருந்து பிரித்துச் சட்டகத்தில் பொருத்தினார். இவ்வளவு செய்தவர் பாதுகாப்பு வெட்டை மட்டும் கோல்ட்டில் இருந்தபடியே விட்டார். சுத்தியல் கீழே இருக்கும்போது ஊசியின் தலைமேல் ஊன்றியே இருந்தது. எஃகிலும் வில்லிலும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்த கருவி, பாதுகாப்பில் பத்தொன்பதிலேயே நின்றது. இடைத்தகட்டுக்குத் தேவையான பாதி வேலை, அதாவது ஊசியைச் சட்டகத்துக்கு மாற்றுவது, 1950-களிலேயே முடிந்திருந்தது என்பதை நினைத்தால் தாமதம் இன்னும் உறுத்துகிறது.

1973-இல் வந்த ரூகரின் நியூ மாடல் அந்த மீதி வேலையைச் செய்தது. சட்டகத்தின் பக்கவாட்டில் இருந்த மூன்று திருகாணிகள் போய் இரண்டு முளைகள் வந்தன. பழையதைச் சேகரிப்போர் 'த்ரீ ஸ்க்ரூ' என்று அழைப்பது இதனால்தான். சுத்தியல் முகத்தில் ஒரு படி வெட்டப்பட்டு, அது ஊசியைத் தொடாமல் சட்டகத்தின்மேல் அமர்ந்தது. அரைநிலை நீக்கப்பட்டது. தோட்டா போடும் பக்கக் கதவைத் திறந்தாலே உருளை விடுபடும்; கதவு திறந்திருக்கையில் சுத்தியலை இழுக்க முடியாது. பெருவிட்ட சிங்கிள் ஆக்‌ஷனின் ஆறாவது அறையில் அச்சமின்றித் தோட்டா வைக்க முடிந்தது இதற்குப் பிறகுதான். 1873-இன் பெயரளவு வாக்குறுதி நிறைவேற நூறு ஆண்டுகள் ஆயின.

இனி, இதத்தை இழந்தோம் என்ற முறையீட்டுக்கு வருவோம். அதில் உண்மை இருக்கிறது. நியூ மாடலின் விசை சுத்தியலை விடுவிப்பதோடு நிற்காமல் இடைத்தகட்டையும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இழுப்பு நீண்டு, சற்றுச் சொரசொரப்பாகிறது. நான்கு ஒலிகளும் போய்விட்டன. எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது தோட்டா போடும் முறைதான்: உருளையைச் சுழற்றும்போது ஒலி கேட்கும் தருணத்தில் அறை கதவின் திறப்பைச் சற்றுக் கடந்திருக்கும். கவனம் பிசகினால் அந்த அறைக்காக உருளையை மறுபடி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். பழையதில் அரைநிலையில் ஒலி கேட்டதும் அறை திறப்புக்கு நேராக நிற்கும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது பாதுகாப்புக்குக் கொடுத்த விலை என்றே பேசப்பட்டது.

அப்படியில்லை என்று காட்டியது ரூகர் நிறுவனமே. 2005-இல் வந்த நியூ வக்கேரோவில் உருளையைத் திருப்பும் கொக்கியின் அமைப்பு திருத்தப்பட்டு, ஒலி கேட்கும் இடத்தில் அறையும் திறப்பும் நேரானது. இடைத்தகடு இருந்த இடத்திலேயே இருந்தது. முப்பது ஆண்டுப் புலம்பலுக்கு அடிப்படை ஒரு கொக்கியின் வடிவம். தீர்வைத் தேடுவதற்கு முன்பே குற்றவாளியை முடிவுசெய்துவிட்டதால்தான் அது இவ்வளவு காலம் நீடித்தது.

வலிமையின் கதை வேறு பாதையில் ஓடுகிறது. கோல்ட்டின் தொடக்ககாலச் சட்டகங்கள் கரும்பொடி வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. புகையற்ற வெடிமருந்துக்கு அந்நிறுவனம் உத்தரவாதம் தந்தது 1900-இல்தான். .45 கோல்ட் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறைத் தரம் இன்றும் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு அழுத்தத்தையே உச்சமாக வைத்திருக்கிறது, பழைய சட்டகங்களில் அது போடப்படலாம் என்பதற்காக. .44 மேக்னத்துக்கு அது 36,000. டிக் கசூல் 1950-களில் உருவாக்கிய, வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் ரிவால்வர் 1983-இல் சந்தைக்குக் கொண்டுவந்த .454 கசூலுக்கு 65,000. பிந்திய எண் பெரியதாயிருப்பதைப் பார்த்து, காலம் செல்லச் செல்ல வலிமை ஏறுகிறது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் .44 மேக்னத்தின் 36,000-ஐ 1956-இன் பிளாக்ஹாக்கும் தாங்கியது, இன்றையதும் தாங்குகிறது. 1973 அதில் எதையும் கூட்டவில்லை.

அதற்கு நேரெதிரான சான்றும் உண்டு. 1993-இல் வந்த முதல் வக்கேரோ, பிளாக்ஹாக்கின் பெரிய சட்டகத்தில் செய்யப்பட்டது. அதன் .45 உருளையின் சுவர் தடிமன். தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்வோருக்கான கையேடுகள் பெரிய சட்டக ரூகருக்கு மட்டும் என்று தனிப் பகுதியொதுக்கித் தரும் உயர் அழுத்தச் சுமைகளை அது ஏற்கும். 2005-இன் நியூ வக்கேரோ, பழைய கோல்ட்டின் அளவுக்கு நெருங்கிவரும்படி சட்டகத்தையும் உருளையையும் சிறிதாக்கியது; அந்தச் சுமைகளுக்கு அது ஏற்றதன்று. அதே நிறுவனம், அதே தோட்டா, ஏறத்தாழ அதே பெயர். புதியது மெல்லியது. பெயரில் உள்ள 'நியூ' என்ற சொல்லை வலிமைக்கான சான்றாக எடுத்துக்கொண்டு ஒருவர் தோட்டா நிரப்பினால் அது அவர் கையிலேயே சிதறக்கூடும். பழையது, புதியது என்ற பிரிப்பு அறிவுத்துறைப் பிழையோடு நில்லாமல் உடலுக்கே ஆபத்தாகும் இடம் இது.

பாதுகாப்பு வெட்டும் ஐந்து தோட்டா விதியும் போதும், மீதியெல்லாம் பயன்படுத்துவோரின் கவனக்குறைவு என்ற எதிர்வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆறு அறைகளையும், 'பாதுகாப்பு' என்று பெயரிட்ட ஒரு வெட்டையும் கொடுத்துவிட்டு, இரண்டையும் நம்பாதே என்று கையேட்டில் எழுதுவது பொறுப்பைக் கைமாற்றுவதாகும். பழைய வகை ரூகர் ஒன்றால் காயம்பட்டவர் தொடர்ந்த வழக்கில் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் 1979-இல், பொருள் பழுதுக்கான வழக்குகளிலும் தண்டனை இழப்பீடு விதிக்கலாம் என்று ஏற்றது. 1982 முதல் ரூகர் நிறுவனம் பழைய துப்பாக்கிகளை வாங்கி இடைத்தகடு பொருத்தி இலவசமாகத் திருப்பித் தரத் தொடங்கியது. கழற்றிய பழைய பாகங்களையும் உரிமையாளருக்கே அனுப்பிவைத்தது. ஆனால் அந்தப் பாகங்கள் துப்பாக்கியிலேயே இல்லாவிட்டால் சேகரிப்போர் சந்தையில் விலை இறங்கும். இதனால் பலர் துப்பாக்கியை அனுப்பவே இல்லை. சேகரிப்பவரின் கண்ணாடிப் பெட்டியில் அது குற்றமில்லை. ஆறு தோட்டாவோடு இடுப்பில் தொங்கும்போதுதான் குற்றம். ஒரே பொருளுக்கு இரு மதிப்பளவுகள் இருப்பதை ஒப்பீட்டு எழுத்துகள் பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கோல்ட் நிறுவனம் 1990-களின் இறுதியில் கோல்ட் கௌபாய் என்ற பெயரில் இடைத்தகடுள்ள ஒரு சிங்கிள் ஆக்‌ஷனை விற்றுப் பார்த்தது. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. 1873-இன் வடிவமோ தொடர்ந்தது, ஐந்து தோட்டா விதியோடு. வாங்குவோர் அந்த நான்கு ஒலிகளையே கேட்டார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. அந்த விளக்கத்தை முற்றாக நம்புவதற்கு இத்தாலியின் ஊபெர்த்தி நிறுவனம் தடையாக நிற்கிறது. அதன் கேட்டில்மேன் இரண்டாம் வடிவத்தில் ஊசி கோல்ட் முறைப்படி சுத்தியலிலேயே இருக்கிறது, அரைநிலை இருக்கிறது, நான்கு ஒலிகளும் இருக்கின்றன. விசை முழுதாக இழுபட்டிருந்தால் மட்டுமே ஊசி வெளியே நீளும். மற்ற வேளைகளில் அது சுத்தியலுக்குள் பின்வாங்கிவிடும். வெளிப்பார்வைக்கும் கட்டைவிரலுக்கும் அது பழைய கோல்ட். ஆறாவது அறையிலும் தோட்டா வைக்கலாம்.