நீர்நாய் மீண்ட ஆறு

சங்கப் புலவர் மருத நிலத்தைப் பாடும்போது மறவாது காட்டும் உயிர்களுள் ஒன்று நீர்நாய். ஐங்குறுநூற்றிலும் குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் அதனைக் காண்கிறோம். தலைவனது ஊரின் வளத்தைக் கூற வந்த புலவர் நெல்லையும் கரும்பையும் மட்டும் சொல்லி அமையவில்லை. வாளை மீன் மலிந்த பொய்கையையும், அம்மீனை நாள்தோறும் இரையாகப் பெறும் நீர்நாயையும் உடன் சேர்த்தே சொன்னார். நீர்நாய்க்கு உணவு குறைவற்ற ஊர், மனிதர்க்கும் குறைவற்ற ஊர் என்பது அவர்தம் கருத்துப் போலும்.

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இச்சொல் வந்தபோது என் மகள், "அப்பா, நீர்நாய் என்றால் நீந்தும் நாயா?" என்று கேட்டாள். கல்யாணில் பிறந்து வளர்ந்த குழந்தை அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை. ஆயினும் ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கிவரும் ஒரு சொல், காட்டுவதற்குப் பொருளின்றி ஏட்டில் மட்டும் எஞ்சி நிற்பதைக் கண்டு என் மனம் வருந்தியது. அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

என் தந்தையார் குடமுருட்டி ஆற்றங்கரையில் பிறந்து, 1970களில் வேலை தேடிப் பம்பாய் வந்தவர். அவர் சிறுவராக இருந்த காலத்தில் நீர்நாய்க் கூட்டம் இரவில் வலையைக் கிழித்து மீனைக் கவர்ந்து செல்லுமாம். ஊரார் தகரத்தைத் தட்டி விரட்டுவார்களாம். பின்னர் ஆற்றில் நீர் வரத்துக் குறைந்தது. கரை நாணல் அழிந்தது. தோலுக்காக வேட்டையும் நடந்தது. ஒரு காலத்தில் ஓசையின்றி அவை மறைந்தன. "அன்று திட்டி விரட்டினோம், இன்று தேடினாலும் கிடைக்கவில்லை" என்று தந்தையார் கூறுவார்.

நீர்நாய் ஏன் ஆற்றை விட்டு முதலில் அகல்கின்றது என்பதை அறிதல் நன்று. இந்தியாவில் மூவகை நீர்நாய்கள் உள்ளன. காவிரியில் வாழ்வது ஆற்று நீர்நாய் என்னும் வகை. அது குடும்பமாக வாழும். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மீன் உண்ணும். கரை மண்ணில் வளை அமைத்துக் குட்டி ஈனும். எனவே மீனும் வேண்டும், தூய நீரும் வேண்டும், கற்சுவர் எழுப்பாத கரையும் வேண்டும். நீரில் கலந்த நஞ்சு சிறு மீனில் சேர்ந்து, பெரு மீனில் பெருகி, முடிவில் நீர்நாயின் உடலில் வந்து தங்கும். இங்கிலாந்து நாட்டில் 1950களின் பிற்பகுதியிலிருந்து நீர்நாய்கள் அருகியதற்கு டீல்டிரின் முதலிய பூச்சிக்கொல்லிகளே பெருங்காரணம் என்று அறிஞர் கண்டனர். அம்மருந்துகள் தடுக்கப்பட்டன, 1978இல் சட்டப் பாதுகாப்பும் வந்தது. ஆயினும் அந்நாட்டின் மாவட்டங்கள் அனைத்திலும் நீர்நாய் மீண்டும் காணப்பட்டது என்ற செய்தி 2011இல்தான் கிடைத்தது. அழித்தல் எளிது, மீட்டல் ஒரு தலைமுறைப் பணி.

நம்மவர் வாழும் சிங்கப்பூரில் நடந்த வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1819இல் ஆங்கிலேயர் அங்குத் துறைமுகம் கண்ட பின்னர், கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றிய தோணித் தொழிலில் முதற்காலத்தில் முன்னின்றவர் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியாக்கள். ஆற்றுக்கு அணித்தே உள்ள சூலியா வீதி அவர்கள் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. மார்க்கெட் வீதியில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினர். ரோச்சோர் ஆற்றுநீரை நம்பிச் சிராங்கூன் பகுதியில் மாட்டு வாணிகம் செழித்தது. ஆகவே அந்நாட்டு ஆறுகளால் வாழ்ந்தவர்களுள் தமிழரும் உண்டு. அவற்றை மாசுபடுத்தியவர்களுள்ளும் நம்மவர் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

1970களில் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆற்றுப் படுகையும் சாக்கடைகளாகிவிட்டன. 1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் அவ்வாறுகளில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று இலக்கு வகுத்தார். காலாங் படுகையில் இருந்த 610 பன்றிப் பண்ணைகளும் ஏறத்தாழ 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக் கடையினர் குழாய்நீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள உணவு நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். ஆற்றோரக் குடிசைகளில் இருந்தோர்க்கு அடுக்குமாடி வீடுகள் வழங்கப்பட்டன. 1983இல் ஏறத்தாழ 800 தோணிகள் பாசிர் பாஞ்சாங் கரைக்கு அனுப்பப்பட்டன. 1987இல் பணி நிறைவுற்றது.

இதனை வெற்றி என்று மட்டும் எழுதினால் வரலாறு அரைகுறையாகும். தோணிகள் அகன்ற அன்று, நூற்றறுபது ஆண்டுக்கு மேலாக ஆற்றங்கரையில் நிலவிய ஒரு வாழ்க்கையும் முடிந்தது. பண்ணை வைத்திருந்த முதியவர் பலருக்கு மாடி வீடு கிடைத்தது; பழகிய தொழில் கிடைக்கவில்லை. ஆறு தூய்மையானதற்கு விலை கொடுத்தவர் பெரும்பாலும் எளியவரே. ஆயினும் அவர்களை வெறுங்கையோடு விரட்டாமல் மாற்றிடம் தந்ததால்தான் அப்பணி நிலைத்தது என்பதும் உண்மை.

நீர்நாய்களை எவரும் கூண்டில் கொண்டுவந்து விடவில்லை. ஜோகூர் நீரிணைப் பக்கத்திலிருந்து அவை தாமே நீந்தி வந்தன. 1998இல் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் அவை காணப்பட்டன. 2012இல் பீஷான் பூங்காவில் காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாய் உடைக்கப்பட்டு, புல்லும் மண்ணும் கொண்ட கரையுடைய ஆறு உருவாயிற்று. 2014இல் ஓர் இணை அங்கு வந்து குடிபுகுந்தது. அதன் குடும்பம் பெருகி நகரின் நடுவே மரீனா வரை பரவியது. இன்று அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நீர்நாய்கள் உள்ளன. வீட்டுக் குளங்களில் வளர்த்த விலையுயர்ந்த மீன்களை அவை உண்டுவிடுவதாக முறையீடுகளும் எழுந்தன. குடமுருட்டிக் கரையில் தகரம் தட்டிய கதையேதான்!

நம் நாட்டிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2015இல் கருநாடக அரசு துங்கபத்திரை ஆற்றின் ஒரு பகுதியை நீர்நாய்க் காப்பிடமாக அறிவித்தது. 2022இல் தமிழக அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அமைத்தது. ஆற்று நீர்நாயும் அங்கு வாழும் உயிர்களுள் ஒன்று. காவிரி தன் மேற்பகுதியில் அதனை இன்னும் காத்து வைத்திருக்கிறாள்.

இனி, நாம் வாழும் கல்யாணுக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூல் குறிப்பிடும் பழந்துறைமுகம் இது. உல்ஹாஸ் ஆறு தந்த வாழ்வே இந்நகரம். அதன் நீரையே நம் இல்லங்களில் இன்றும் பருகுகிறோம். ஆனால் அம்பர்நாத்திலிருந்து வந்து அதில் கலக்கும் வால்துனியை, மின்தொடர்வண்டியில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். 2014 நவம்பரில் வால்துனியில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுக்காற்றால் உல்ஹாஸ்நகரில் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2005இலும் 2019இலும் வெள்ளம் பெருகியபோது மட்டுமே ஆறு என ஒன்று இருப்பது நம் நினைவுக்கு வந்தது.

மராட்டியர் நீர்நாயைப் 'பாண்மாஞ்சர்' என்பர். நீர்ப்பூனை என்பது பொருள். நம் முன்னோர் நாயைக் கண்ட இடத்தில் அவர்கள் பூனையைக் கண்டனர். இம்மண்ணின் மக்களும் ஆற்றங்கரையில் நின்று அவ்விலங்கைக் கூர்ந்து நோக்கியவர்கள் என்பதற்கு அச்சொல்லே சான்று. எனவே உல்ஹாஸைக் காப்பது அவர்கள் பாடு, நாம் வந்தேறிகள் என்று ஒதுங்கியிருத்தல் முறையன்று. எவர் நீரை இரு தலைமுறையாகப் பருகினோமோ, அவரோடு சேர்ந்து அந்நீருக்காகக் குரல் கொடுப்பது நம் கடன்.

அண்மையில் சிங்கப்பூரில் உள்ள உறவினர் ஒருவர் கைப்பேசியில் ஒரு காட்சியை அனுப்பியிருந்தார். பாலத்தின் கீழ் நீர்நாய்க் குடும்பம் ஒன்று சீழ்க்கை ஒலி எழுப்பியவாறு நீந்திச் சென்றது. கண்பார்வை மங்கிய என் தந்தையாரின் காதருகே அதனை வைத்தாள் என் மகள். சற்று நேரம் கேட்டிருந்தவர், "இது நம்ம குடமுருட்டிச் சத்தம் அல்லவா!" என்றார்.

சொல்லைக் கற்பித்தேன், ஒலியைத் தாத்தா கற்பித்தார். அவ்விலங்கை நேரில் காட்டும் கடமை, ஆறுகளை ஆளும் நம் தலைமுறையிடம் எஞ்சி நிற்கிறது.