நாகையில் கடாரத்தார்க்கு அளித்த விருந்து

விருந்தோம்பல் தமிழரின் தலையாய பண்பு என்பது மேடைதோறும் கேட்கும் சொல். திருவள்ளுவரும் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஆயினும், வாயில் தேடி வந்தவருக்கு இலையிட்டு அமுது படைப்பதோடு அப்பண்பு நிறைவு பெற்றுவிடுகிறதா? கடல் கடந்து வந்த பிற சமயத்தார் தம் தெய்வத்தை வழிபட இடமும், அவ்விடம் நிலைத்திருக்க வருவாயும், அதற்குச் சான்றாக எழுத்தும் வழங்கிய பெருமை தமிழக வரலாற்றில் உண்டு. அவ்விருந்தினர் இன்றைய மலேசியாவோடு தொடர்புடையவர்கள் என்பது இந்நாட்டுத் தமிழர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தியாகும்.

சோழர் காலத்தில் நாகப்பட்டினம் சிறந்த துறைமுகமாக விளங்கியது. ஸ்ரீவிஜயப் பேரரசைச் சேர்ந்த வணிகர்கள் அங்கு வந்து தங்கினர். அப்பேரரசின் முக்கியத் துறைமுகங்களுள் ஒன்றே கடாரம்; அதுவே இன்றைய கெடா. ஸ்ரீவிஜயத்திற்கும் கடாரத்திற்கும் அரசனான ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகையில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான்.

அப்போது சோழ நாட்டை ஆண்டவன் முதலாம் இராஜராஜன். தஞ்சையில் சிவபெருமானுக்குப் பெரிய கோயில் எடுத்த அம்மன்னன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006ஆம் ஆண்டையொட்டி, நாகைக்கு அருகிலுள்ள ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அவ்விகாரத்திற்கு வழங்கினான். ஆண்டுக்கு ஏறத்தாழ 8,900 கலம் நெல் அவ்வூரிலிருந்து விகாரத்திற்குச் சேர்ந்தது.

இக்கொடை வாய்மொழியாக விடப்படவில்லை. பெண் யானையை நடத்தி எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நட்டு, அண்டை ஊர்களின் சார்பாளர்கள் கையொப்பமிட்டனர். இராஜராஜன் மறைந்த பின்னர் அவன் மகன் முதலாம் இராஜேந்திரன், தந்தையின் அறத்தைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். 21 ஏடுகள் கொண்ட அச்செப்பேடு, பிற்காலத்தில் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்ததால், லெய்டன் பெரிய செப்பேடு எனப் பெயர் பெற்றது.

விருந்தினரும் நன்றி மறந்தாரல்லர். கடாரத்து அரசனின் முகவர்கள் நாகைக் காரோணம் சிவன் கோயிலுக்கு அணிகலன்களும் சீனப் பொன்னும் வழங்கியதை இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. சைவ மன்னன் புத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்தான். புத்த மன்னன் சிவன் கோயிலுக்குப் பொன் கொடுத்தான்.

இந்நட்பு இடையறாது நீடித்ததா எனின், இல்லை. கி.பி. 1025ஆம் ஆண்டளவில் இராஜேந்திரனின் கப்பற்படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியது. போர் மூண்ட நாட்டாரின் வழிபாட்டிடத்தைப் பறிப்பது அக்கால அரசர்க்கு அரிய செயலன்று. ஆயின் நாகையின் விகாரம் அழியவில்லை. கி.பி. 1090இல் கடாரத்து அரசனின் தூதர் வேண்டிக்கொண்டதற்கிணங்க, முதலாம் குலோத்துங்கன் நாகைப் பள்ளிகளுக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்து மீண்டும் செப்பேடு வெட்டுவித்தான். அதுவே லெய்டன் சிறிய செப்பேடு. அரசர்களின் பகை வந்து போயிற்று. விருந்தினருக்குக் கொடுத்த வாக்கு எழுத்தில் நின்றது.

இவ்வறம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. கம்போடியாவின் கெமர் மக்களும் இதில் சிறந்து விளங்கினர். அங்கோர் மன்னன் ஏழாம் ஜெயவர்மனின் கி.பி. 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு 102 மருத்துவச் சாலைகளையும், 1191ஆம் ஆண்டுக் கல்வெட்டு நெடுஞ்சாலைகளில் அமைந்த 121 தங்கல் மனைகளையும் குறிப்பிடுகின்றன. அம்மனைகள் அக்கினி மனைகள் எனப்பட்டன. ஒரு நூற்றாண்டு கழித்து, 1296இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதர் குழுவைச் சேர்ந்த சூ தாகுவான், பெருவழிகளில் பயணிகள் தங்கும் இடங்கள் இருந்ததை எழுதி வைத்தார். அக்கெமர் நாட்டின் நட்பு சிதம்பரத்தையும் எட்டியது. காம்போஜ அரசன் குலோத்துங்கனுக்குக் காட்சிப் பொருளாக அளித்த கல்லொன்று தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்டதை கி.பி. 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

நாகைக்குக் கடாரத்தார் வந்தது போலவே, பல நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழர் இந்நாட்டிற்கு வந்தனர். ஆனால் அரசனின் விருந்தினராக அல்லர்; தோட்டத் தொழிலாளராக வந்தனர். 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரத்தில் அமைந்தது. பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் உழைத்த மக்கள், லயத்து வீடுகளுக்கு அருகே மரத்தடியில் சூலம் நட்டுத் தொடங்கிய வழிபாடு காலப்போக்கில் கோயிலாக வளர்ந்தது. ஊர் கொடுத்தவர் எவருமிலர், செப்பேடும் இல்லை. பல கோயில்கள் நிர்வாகியின் வாய்ச்சொல்லை நம்பியே எழுந்தன. தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது அச்சொல் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தவில்லை. நில ஆவணம் இல்லாத கோயில்கள் இடம்பெயர நேர்ந்தன. நிலம் தொழிலாளர் பெயரில் இருக்க வேண்டும் என்று உணர்ந்தே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

நாகை வரலாறு கோயில் நிர்வாகத்தினர்க்கு உணர்த்தும் பாடம் இரண்டு. கோயில் நிலத்தின் பத்திரம், எல்லை, கணக்கு ஆகியவற்றைப் பேணுவதும் இறைபணியே. தந்தை சொன்ன சொல்லை மகன் செப்பேட்டில் எழுதாதிருந்தால் ஆனைமங்கலத்தின் கதை இன்று எவருக்கும் தெரிந்திராது. அடுத்து, இடமின்றி அலைந்த துயரை அறிந்தவர்க்கே பிறருக்கு இடமளிக்கும் கடமை மிகுதி.

இவ்வட்டாரத்திற்கு விருந்தினர் வராத நாளில்லை. கம்போங் குவாந்தானில் இருள் சூழ்ந்ததும், சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஒளிரும் மின்மினிகளைக் காணப் பல நாட்டார் வருகின்றனர். இயந்திரமில்லாத படகில் துடுப்பு வலித்து அவர்களை அழைத்துச் செல்கின்றனர் கிராமத்து மக்கள். அவ்வழியே செல்வோர் திருவிழா நாளில் மேளம் கேட்டுக் கோயில் வாயிலில் தயங்கி நிற்பதுண்டு. அவர் எம்மொழியினர், எச்சமயத்தார் என்று வினவாது, உள்ளே அழைத்து, நீரும் அன்னமும் அளித்து வழியனுப்புவதே ஆனைமங்கலத்தைக் கொடுத்தவன் வழிவந்தோர்க்கு அழகாகும்.