கத்துறதுக்குப் பதிலா கழிக்கிறது: ரெண்டு கம்பிகளோட கதை

திருச்சி–புதுக்கோட்டை ரயில் பாதை 1929-ல திறந்தது. வழியில, கருங்கல் குன்றுகளுக்குப் பக்கத்துல இருக்கறதுதான் நார்த்தாமலை ஸ்டேஷன். இன்னைக்கு அந்தத் தண்டவாளத்துக்கு மேல 25,000 வோல்ட் கம்பி ஓடுது. இப்படிப்பட்ட பாதைகள்ல, போனும் சிக்னலும் போற காப்பர் ஒயர் பக்கத்துலயே மண்ணுக்கடியில போகும். அவ்ளோ பெரிய இரைச்சல்கிட்ட இந்தச் சின்னக் குரல் எப்படித் தப்பிக்குது?

தந்திக்கு ஒரே கம்பி போதும். கரண்ட் திரும்பி வர பூமியே இருக்கு. 1839-ல கல்கத்தாவுல ஓ'ஷானஸி செஞ்ச தந்தி சோதனையில, ஹூக்ளி ஆத்துத் தண்ணியே சர்க்யூட்டோட ஒரு பகுதி! தந்தியில 'கரண்ட் இருக்கா, இல்லையா'ன்னு தெரிஞ்சா போதும். கொஞ்சம் இரைச்சல் கலந்தாலும் பிரச்சினை இல்ல.

மெட்ராஸ்ல எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882 வாக்குல. பேச்சு அப்படி இல்ல, சின்ன இரைச்சல்கூட காதுல குத்தும். கொஞ்ச வருஷத்துல அமெரிக்க நகரங்கள்ல மின்சார டிராம் வந்துச்சு. அதோட கரண்டும் பூமி வழியாத்தான் திரும்புச்சு. போனை எடுத்தா ஒரே 'கொர்ர்ர்'.

சரி, ஆம்ப்ளிஃபையர் வச்சு பூஸ்ட் பண்ணலாமே? கேக்குற முனையில பூஸ்ட் பண்ணா இரைச்சலும் சேர்ந்து பெருசாகும். அனுப்புற முனையில பண்ணா, பக்கத்து லைன்ல நம்ம பேச்சு கேக்கும்.

இதுக்கான பதில் கிரஹாம் பெல் 1881-ல வாங்கின பேட்டன்ட்ல இருந்துச்சு: ரெண்டு கம்பியை ஒண்ணோட ஒண்ணு முறுக்கி விடு. ஒண்ணுல +1, இன்னொண்ணுல −1 அனுப்புறோம்னு வைங்க. முறுக்கி இருக்கறதால வெளி இரைச்சல் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் ஏறும், +5-ன்னு வச்சுக்கலாம். இப்போ 6, 4. கழிச்சா 2. இரைச்சல் காணோம்! ஆனா காப்பர் செலவு டபுள். அதனால கம்பெனிகள் தயங்குச்சு. டிராம் வந்து கழுத்தைப் பிடிச்சப்புறம்தான் மாறினாங்க.

அந்தக் கழித்தலை முதல்ல டிரான்ஸ்ஃபார்மர் செஞ்சது. 1960-கள்ல சிப்பா வந்த ஆப்-ஆம்ப், அதே வேலையை நகத்தளவு இடத்துல செஞ்சது. நம்ம ரயில் பாதையோரக் கேபிள்லயும் நாலு நாலு கம்பியா முறுக்கித்தான் இருக்கும். நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழா மாதிரி கூட்டத்துல, ஜெனரேட்டர் பக்கத்துலயே நீளமா மைக் ஒயர் இழுக்கும்போது மூணு பின் கனெக்டர் போடுறாங்களே, அதுக்குள்ளயும் இதே கணக்குதான்.

1996-ல வந்த யூ.எஸ்.பி.யில டி பிளஸ், டி மைனஸ்னு ஒரு ஜோடி. எச்.டி.எம்.ஐ.லயும் ஜோடி ஜோடியாத்தான். இங்க இன்னொரு லாபம் இருக்கு. கழிச்சுப் பாக்குறதால பெரிய வோல்ட்டேஜ் தேவையில்ல. 1990-கள்ல வந்த எல்.வி.டி.எஸ்.ல வெறும் 350 மில்லிவோல்ட்தான். சின்ன தூரம் ஏறி இறங்கினா போதும்ங்கறதால வேகமும் கூடும், சூடும் குறையும்.

வேகத்துக்காக நாம இன்னும் கத்தல. சொல்லப்போனா, குரலைத் தாழ்த்திக்கிட்டோம். வித்தியாசத்தை மட்டும் கேக்கக் கத்துக்கிட்டோம், அவ்ளோதான்.