மடிசஞ்சி: ஒரு சொல்லும் ஒரு நோயின் குடும்ப வரலாறும்

அக்கிரகாரத் தமிழில் ‘மடிசஞ்சி’ என்றொரு சொல் உண்டு. மடித்துணி வைக்கும் பையைக் குறித்த அச்சொல், ஆசாரத்தில் மிகையான பிடிப்புடையவரைச் சுட்டும் ஆகுபெயராயிற்று. பேச்சுவழக்குத் தரவு திரட்டப் பாலக்காட்டில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தபோது, “எங்கம்மாவும் இப்படித்தான், நானும் இப்படித்தான், எங்காத்து வழக்கம்” என்றார் ஒரு பாட்டி. அருகிலிருந்த பேத்தியின் விரல்கள் கழுவிக் கழுவி வெடித்திருந்தன.

பாட்டி வழக்கம் என்றதை மருத்துவம் எண்ணச் சுழற்சி நோய் என்கிறது. அது குடும்பங்களில் தொடர்வதை 1936இலேயே இலண்டன் மருத்துவர் ஆப்ரி லூயிஸ் எழுதினார்: 50 நோயாளிகளின் 100 பெற்றோரில் 37 பேரிடம் அதன் சாயல் தெளிவாக இருந்தது. 2000இல் வெளியான பால்டிமோர் ஆய்வில், நோயாளிகளின் நெருங்கிய இரத்த உறவினருள் 11.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவினரின் உறவினருள் 2.7 விழுக்காடே. 2025இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, இதனோடு தொடர்புடைய 30 மரபணுப் பகுதிகளை இனங்கண்டது. பெங்களூரு நிமான்ஸிலும் இந்நோய் பலருக்குள்ள குடும்பங்கள் ஆராயப்படுகின்றன.

ஆயினும் மரபு விதியன்று. அதே பால்டிமோர்க் கணக்கின்படி, உறவினருள் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் இல்லை.

குருதிவழி வருவது நோய்க்கான சாய்வு மட்டுமே. அது எந்த உருவில் வெளிப்படும் என்பதில் சூழலுக்கும் பங்குண்டு. தீட்டு, விழுப்பு, பத்து என்று பகுத்துப் பேசும் வீட்டில் அது கழுவுதலாகலாம். மூணாற்றுத் தேயிலைத் தோட்ட லயத்தில் பூட்டைப் பன்முறை இழுத்துப் பார்ப்பதாகலாம். மடி நோயன்று, மடி இல்லாத வீடு நோயற்றதும் அன்று. மிகை என்று தானே உணர்ந்தும் நிறுத்த இயலாமல், நாளில் மணிக்கணக்கை அதற்கே இழந்து வருந்துவதுதான் நோயின் அடையாளம்.

குடும்பம் மரபணுவோடு ஒரு சொல்லையும் கையளிக்கிறது. ‘வழக்கம்’ என்ற சொல் இருக்கும்வரை எவரும் மருத்துவரை நாடுவதில்லை. வீட்டாரும் அன்பினால் தண்ணீர் மொண்டு ஊற்றி, “சுத்தமாயிடுத்து” என்று உறுதிகூறிச் சுழற்சியை வளர்க்கின்றனர். அச்சத்தை எதிர்கொண்டு, கழுவாமல் பொறுத்திருக்கப் பயிற்றும் சிகிச்சையை 1966இலேயே விக்டர் மேயர் வெளியிட்டார். இன்று மருந்துகளும் உள்ளன.

பாட்டியின் தலைமுறைக்கு அச்சொல்லைத் தவிர வேறு விளக்கம் கிட்டவில்லை. பேத்திக்கும் அதையே விட்டுச் செல்லலாகாது. வட்டார வழக்குகளைத் தொகுக்கும் நண்பர்களே, ‘எங்கள் வீட்டு வழக்கம்’ என்று ஒருவர் சொல்லும்போது, அவருடைய கைகளையும் ஒருமுறை பாருங்கள்.