ரோன் பிபூன் ஆர்சனிக் மாசு

தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் மாநிலத்திலுள்ள ரோன் பிபூன் வட்டாரத்தில், பழைய வெள்ளீயச் சுரங்கக் கழிவால் நீர்நிலைகளும் கிணறுகளும் நஞ்சான நிகழ்வு. மலாயாவின் ஈய லம்பங்கள் (வெள்ளீயச் சுரங்கங்கள்) அமைந்த அதே கனிமப் பட்டையில்தான் இவ்வூரும் இருக்கிறது. தென் தாய்லாந்துத் தாது நெடுங்காலம் பினாங்கு உருக்காலைகளுக்கு வந்துகொண்டிருந்தது. விலைபோகாத ஆர்சனோபைரைட் மட்டும் சுரங்கத்தருகே கொட்டப்பட்டது. காற்றும் மழைநீரும் பட்டு அக்கனிமம் சிதைய, அதிலிருந்த ஆர்சனிக் கரைந்து ஆழமற்ற கிணறுகளில் இறங்கியது. நிறம், மணம், சுவை எதுவும் காட்டிக்கொடுக்காததால் ஊரார் அதையே குடித்துவந்தனர்.

1987-இல் இதை வெளிக்கொணர்ந்தது நீர்ச் சோதனை அல்ல, நோயாளிகளின் தோல். உள்ளங்கைத் தடிப்பு, கரும்புள்ளிகள் போன்ற அறிகுறிகள் ஏறத்தாழ 1,000 பேரிடம் தென்பட்டன. சிலருக்குத் தோல் புற்றுநோயும் இருந்தது. மிக மோசமான கிணறுகளில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவுக்கு ஆர்சனிக் காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டு அளவோ 0.01 மில்லிகிராம்.

மழைநீர்ச் சாடிகளும் குழாய்நீரும் உடனடி நிவாரணமாயின. மண்ணில் பரவிய கழிவைத் தூய்மையாக்குவது அத்தனை எளிதல்ல. நீரைக் காய்ச்சுவதும் பயன் தராது: ஆர்சனிக் ஆவியாகாது, செறிவே கூடும்.