ஒரு வழிகாட்டி நூலின் ஏற்றமும் இறக்கமும்

வலியசாலையில் வாழும் நம்மவர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், அவர்களைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு வீட்டில் ஒருவர் தலையில் விழுவது வழக்கம். அப்பணியை அச்சில் செய்ய முன்வருவோர்க்கு நேரும் இடர் யாது என்பதற்கு நம் அண்டையிலேயே ஒரு சான்றுண்டு.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மார்த்தாண்டம். அங்கே இளைஞர் கிறித்துவ சங்கத்தின் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்தி, தேனீ வளர்ப்பு முதலியவற்றைப் பரப்பியவர் டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர். அவர்தம் துணைவியார் எமிலி கில்கிரீஸ்ட் ஹாட்ச் எழுதிய திருவிதாங்கூர் வழிகாட்டி நூல் 1933-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சக வெளியீடாக வந்தது. அதற்கு முன்னும் வழிகாட்டிகள் இருந்தன. லண்டன் முர்ரே நிறுவனம் ஈஸ்ட்விக் என்பாரைக் கொண்டு சென்னை மாகாணத்துக்கு 1859-இலேயே ஒரு கைந்நூல் வெளியிட்டது. தமிழில் கோவை நரசிம்மலு நாயுடு தம் யாத்திரைகளை நூலாக்கினார். ஆயினும் இச்சிறு சமஸ்தானத்துக்கென்று, இங்கேயே குடியிருந்த ஒருவர் எழுதியது என்பதே அம்மையார் நூலின் தனிச்சிறப்பு.

எழுதுவது எளிதாயிருந்திருக்குமோ? இங்கே நாணயம் வேறு. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். தபாலும் வேறு; அஞ்சல் என்று பெயர். இவற்றையெல்லாம் அயலாருக்கு விளக்கியாக வேண்டும். அதற்கும் மேலாக, ஊரின் பெயர்பெற்ற திருக்கோயிலாம் பத்மநாப சுவாமி சந்நிதிக்குள் அயல் சமயத்தவரான அவ்வம்மையார் நுழைதல் இயலாது. உள்ளிருப்பதைப் பிறர் சொல்லக் கேட்டே அறிந்துகொள்ளும் நிலை அவருடையது.

ஆனால் இதில் அயலாரை மட்டும் எண்ணி இரங்குவது முறையன்று. இம்மண்ணில் பிறந்து, இவ்விறைவனையே வழிபட்ட பல்லாயிரவர்க்கும் அந்நாளில் அவ்வாயில் அடைத்தே கிடந்தது. கோயிலைச் சூழ்ந்த வீதியில் நடப்பதற்கே 1924-25-இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது அன்றோ! தடையின்றி வழி நடக்கும் உரிமை எல்லார்க்கும் இல்லாத நாட்டிற்கு வழிகாட்டி எழுதுவது எத்துணை முரணான செயல் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

நூலின் இரண்டாம் பதிப்பு 1939-இல் வந்தது. இடைப்பட்ட ஆறே ஆண்டுகளில் நாடு எவ்வளவு மாறிற்று! 1935-இல் டாட்டாவின் தபால் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கிற்று. அதே ஆண்டில் ஸ்ரீ சித்ராலயம் ஓவியக்கூடம் திறக்கப்பெற்றது. 1936 நவம்பர் 12-இல் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியிட்டார். 1937-இல் பல்கலைக்கழகம் தோன்றிற்று; 1938 பிப்ரவரியில் அரசே பஸ் ஓட்டத் தொடங்கிற்று. கதையோ கவிதையோ பத்தாண்டு அலமாரியில் கிடந்தாலும் கெடாது. வழிகாட்டியோ காய்கறி போன்றது. வாடிய பின் வாங்குவாரில்லை. விற்றுத் தீருமுன் செய்தி பழசாகும். புதுப்பித்தாலோ மீண்டும் அச்சுக்கூலி. வழிகாட்டி வெளியிடுவோர் எவரும் தப்ப முடியாத துன்பம் இது.

இரண்டாம் பதிப்பிற்குப் பின் நேர்ந்ததோ திருத்தத்தில் அடங்காத மாற்றம். 1949-இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தது. 1951-இல் அஞ்சல் இந்தியத் தபாலில் கலந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நூலின் தலைப்பிலுள்ள நாடே வரைபடத்தில் இல்லாமற் போயிற்று. அம்மையார் வாழ்ந்த மார்த்தாண்டம் தமிழகத்து ஊராயிற்று.

நம் வலியசாலையைப் பற்றி எழுதப் புகுவோர்க்கும் சிக்கல் உண்டு. இங்குள்ள காந்தளூர் மகாதேவர் கோயிலைக் கொண்டு, இராசராசன் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச்சாலை இதுவே என்பர். அங்கே அவன் 'கலமறுத்தது' மரக்கலத்தையா, வேறொன்றையா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். எப்பொருளை அச்சிட்டாலும் ஒரு சாரார் கடிதம் எழுதுவது உறுதி.

பத்மநாபபுரம் அரண்மனை இன்னும் வேடிக்கை. அது நிற்கும் மண் தமிழ்நாட்டது. பேணி வருவது கேரள அரசு. அதை எந்த மாநில வழிகாட்டியில் சேர்ப்பது என்று பதிப்பாளர்தாம் முடிவு செய்துகொள்ள வேண்டும்.